பாதியில் நின்ற ஆல்பம், மிஞ்சிய குரல்: எந்த வழியில் போகலாம்?

பாடகர் இறந்துபோயிருக்கலாம், குழு பிரிந்திருக்கலாம், பணம் போட்டவர் கைவிட்டிருக்கலாம். ஆல்பம் நின்றுவிட்டது, பெட்டியில் இருப்பது குரல் பதிவு மட்டும். குடும்பத்தாருக்கோ, பழைய குழுவினருக்கோ, சிறிய இசை நிறுவனத்துக்கோ இப்படி ஒரு பெட்டி கைக்கு வந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதை அப்படியே வெளியிடுவதா, இசை சேர்த்து முடிப்பதா, கலந்த பதிவிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பதா, வேறொருவரைப் பாடவைப்பதா, பூட்டி வைப்பதா?

பாப் உலகத்தில் இந்த ஐந்தையும் செய்து பார்த்திருக்கிறார்கள். சில நன்றாக நின்றன. சில நீதிமன்றம் வரை போயின. எது எப்படி முடிந்தது என்பதை ரசனை தீர்மானித்ததைவிட, டேப்பில் உண்மையில் என்ன இருந்தது என்பதே அதிகம் தீர்மானித்தது.

## எதை வைத்து எடைபோடுவது

குரல் தனியாக இருக்கிறதா? மல்டிடிராக்கில் (ஒவ்வொரு ஒலியும் தனித்தனித் தடத்தில் பதிந்த டேப்பில்) குரலுக்கென்று ஒரு டிராக் இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கும். கேசட்டில் பியானோவும் குரலும் ஒன்றாகக் கலந்திருந்தால் பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

அது எந்தத் தரத்துக்கான டேக் (ஒருமுறை பாடிப் பதிந்தது)? பலரும் தடுக்கி விழும் இடம் இது. வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்டப் பாடி வைத்த டிராக் வேறு, ஆல்பத்துக்கென்று பாடிய டேக் வேறு. எந்த டிராக்கில் என்ன பதிந்தது என்று குறித்த டிராக் ஷீட் பெட்டிக்குள் இருந்தால் அதை முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் காதை நம்ப வேண்டியதுதான். பாதிக் குரலில் பாடியிருப்பது, சரணத்தில் வார்த்தைக்குப் பதில் தத்தகாரம் வருவது, மைக்கிலிருந்து விலகி விலகிப் பாடியிருப்பது ஆகியவை வழிகாட்டி டிராக்கின் அடையாளங்கள். அதே வரியை மேலே இன்னொரு முறை பாடி இரட்டித்திருந்தாலோ, ஒத்திசைக் குரல்கள் அடுக்கியிருந்தாலோ, அது பெரும்பாலும் இறுதி டேக்தான். வழிகாட்டி டிராக்குக்கு மெனக்கெட்டு யாரும் ஒத்திசை பாடுவதில்லை.

பாட்டு எவ்வளவு முடிந்திருக்கிறது? பல்லவியும் ஒரு சரணமும் மட்டும் இருப்பதற்கும் முழுப் பாட்டு இருப்பதற்கும் வேலையளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பாடியவர் என்ன நினைத்திருந்தார்? "முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவரும் உண்டு, "இதை மறுபடி பாடப் போகிறேன்" என்று ஒதுக்கி வைத்தவரும் உண்டு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது.

உரிமை யாரிடம்? டேப் கையில் இருப்பதும் உரிமை கையில் இருப்பதும் ஒன்றல்ல. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமையாளர் தயாரிப்பாளர். மெட்டும் வரிகளும் அவற்றை எழுதியவர்களுக்கு உரியவை. அந்த உரிமை அவர்கள் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடியவருக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, தன் பெயரைக் கெடுக்கும் வகையில் பதிவைச் சிதைத்தால் எதிர்க்கவும் பாடியவருக்கு உரிமை இருக்கிறது.

திரும்பி வர முடியுமா? செய்த வேலை பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குப் போக வழி இருக்க வேண்டும். மற்ற ஐந்துக்கும் விடை தெரியாவிட்டாலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

## எந்த வழியானாலும் முதல் செலவு: டேப்பை மாற்றுவது

1970களின் நடுப்பகுதி முதல் 1990கள் வரை ஸ்டூடியோக்களில் அதிகம் புழங்கிய அம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் கீச்சிட்டுக்கொண்டு ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பகுதியில்) ஒட்டும், தூள் உரிந்து வரும். உரிந்தது உரிந்ததுதான். இதற்கு வெப்பம் கொடுப்பார்கள்: ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில், கால் அங்குல டேப்புக்கு 8 மணி நேர அளவில், 2 அங்குல டேப்புக்கு இன்னும் கூடுதலாக. அதன்பின் சில வாரங்களுக்குள் பதிவை மாற்றிவிட வேண்டும். வீட்டு அடுப்பில் இந்த வேலை வேண்டாம், அதில் வெப்பம் ஏறி இறங்கும். 1950, 60களின் அசிட்டேட் டேப்புக்கு வெப்பம் கொடுக்கவே கூடாது. ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஒளி ஊடுருவும், அது அசிட்டேட்.

மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும். நொடிக்கு 30 அங்குல வேகத்தில் 2,500 அடி ரீல் 16 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். 24 டிராக்கையும் எடுத்தால் ஒரு ரீல் 7 ஜிபிக்கு அருகில் வரும். குரல் டிராக்கை மட்டும் எடுத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். டிரம் டிராக் என்று எழுதிய இடத்தில் மாற்று டேக் ஒளிந்திருப்பது உண்டு, டேப்பும் இன்னொரு முறை ஓடும் என்று உறுதியில்லை. டால்பி, டிபிஎக்ஸ் போன்ற இரைச்சல் குறைப்பு போட்டுப் பதிந்த டேப் என்றால் அதே வகைக் கருவியால்தான் அவிழ்க்க முடியும். ரீலின் தொடக்கத்தில் சோதனை ஒலிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே பதியுங்கள்.

வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். டேப் 1 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி 17 சென்ட் ஏறும் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 6 சதவீதம் என்றால் அரைச் சுரம். பதிவில் கசிந்த மின்சார முனகலை அளப்பது ஒரு வழி. அமெரிக்கப் பதிவில் அது 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், ஐரோப்பியப் பதிவில் 50. நம் ஊர்ப் பழைய பதிவுகளில் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கால மின்சாரமே 50இல் நிலையாக நின்றதில்லை.

## வழி 1: உள்ளதை உள்ளபடி வெளியிடுவது

அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி 1997 மே 29 அன்று மெம்ஃபிஸில் ஆற்றில் மூழ்கி இறந்தபோது, டாம் வெர்லைன் தயாரிப்பில் பதிந்த ஸ்டூடியோப் பாட்டுகள் கைவசம் இருந்தன. ஆனால் அவருக்கு அவற்றில் திருப்தியில்லை, மறுபடி பதியத் திட்டமிட்டிருந்தார். 1998இல் வந்த தொகுப்பு இரண்டு வட்டாக வந்தது. முதலாவதில் அந்த ஸ்டூடியோப் பதிவுகள், இரண்டாவதில் பெரும்பாலும் அவர் தனியாக நான்கு டிராக் கருவியில் பதிந்த வரைவுகள். தலைப்பிலேயே "வரைவுகள்" என்ற சொல் இருந்தது. அந்த ஒரு சொல் நிறையத் தவறான எதிர்பார்ப்புகளைத் தடுத்துவிட்டது.

அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸ் 1966, 67இல் துண்டு துண்டாகப் பதிந்து கைவிட்ட 'ஸ்மைல்' 2011இல் பழைய டேப்புகளிலிருந்தே தொகுக்கப்பட்டு வந்தது. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பதற்கு, அக்குழுவின் பிரையன் வில்சன் 2004இல் புதிதாகப் பாடி முடித்த வடிவம் வரைபடமாக உதவியது. அந்த வரைபடம் இல்லாதவர்கள் ஒரு வரிசையைத் தாங்களே கற்பித்து அதை "அசல் ஆல்பம்" என்று விற்பது சரியல்ல.

இது செலவில்லாத வழி என்று நினைப்பார்கள். நேரம்தான் செலவு. ஒரு பாட்டுக்கு எட்டு டேக் இருந்தால் எட்டையும் முழுதாகக் கேட்டு, எது முழுமை, எதில் இருமல், எதில் வரி மறந்தது என்று எழுத வேண்டும். டேக்குகளுக்கு இடையிலான பேச்சில் தனிப்பட்ட விஷயங்கள் இருக்கும். வெளியிடுமுன் யாராவது முழுதும் கேட்டாக வேண்டும்.

## வழி 2: குரலை வைத்துப் புதிய இசை கட்டுவது

எல்லாரும் முதலில் தாவுவது இதற்குத்தான். நன்றாக அமைந்தவற்றில் ஓர் ஒற்றுமை தெரியும்: பாடியவரோடு முன்பே வேலை செய்தவர்கள்தான் முடித்தார்கள். குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தன் கடைசி மாதங்களில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில், பிறகு மற்றவர்கள் முடிப்பார்கள் என்று தெரிந்தே பாடிவைத்தார். குயின் அதை 1995இல் முடித்தது. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 2003இல் மனைவி இறந்ததற்கும் தான் இறந்ததற்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் பாடியவற்றுக்கு அவருடைய தயாரிப்பாளர் ரிக் ரூபின் பிறகு வாத்தியம் சேர்த்து 2006இல் வெளியிட்டார். ராப் பாடகர் மேக் மில்லரின் கடைசி ஆல்பத்தை, அதில் அவரோடு உட்கார்ந்திருந்த ஜான் பிரையன்தான் 2020இல் முடித்தார்.

வேலை இப்படிப் போகும். குரல் டிராக்கைத் தனியே கேட்டு ஒவ்வொரு தாள வட்டத்தின் தொடக்கத்தையும் கையால் குறிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 தாள அடி வேகத்தில், நான்கடி வட்டமாக, நான்கு நிமிடப் பாட்டு என்றால் நூறு வட்டம், ஒரு முழு மாலைப் பொழுது. இந்த வரைபடத்தின் மேல் வாத்தியக்காரர்கள் வாசிக்க வேண்டும். அதாவது குரலின் பின்னால் தாளம் போக வேண்டும். சோம்பல்பட்டுக் குரலை கம்ப்யூட்டரின் கட்டத்துக்குள் இழுத்தால், ஒரு சொற்றொடரில் 2, 3 சதவீதம் வரை காதுக்குத் தெரியாது. அதற்கு மேல் மெய்யெழுத்துகள் குழைந்துவிடும், பாடகர் தூக்கத்தில் பாடுவது போலிருக்கும்.

அடுத்த தொல்லை கசிவு. பாடகரின் ஹெட்ஃபோனில் ஒலித்த பழைய டிரம்மும், தாளம் காட்டும் கிளிக் ஒலியும் மைக்கில் லேசாக ஏறியிருக்கும். பழைய இசையோடு கேட்கும்போது தெரியாது. புதிய இசையில் தாளம் வேறாக இருந்தால், வரிகளின் இடைவெளியில் ஒரு பேய் டிரம் ஒலிக்கும். இடைவெளிகளைக் கையால் வெட்டி மெதுவாக மங்கவைக்க வேண்டும். ஆனால் மூச்சை வெட்டக் கூடாது. மூச்சு போய்விட்டால் பாடியது மனிதர் என்ற உணர்வும் கூடவே போய்விடும். டேப்பிலேயே ரிவெர்ப் (அறையின் எதிரொலி) பதிந்திருந்தால் புதிய இசைக்கும் அதே அளவு அறை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் குரல் பக்கத்து மண்டபத்திலிருந்து வரும்.

இரண்டாம் சரணம் இல்லையென்றால்? முதல் சரணத்தை நகலெடுத்து ஒட்டுவது எளிது. ஆனால் கவனிக்கிற காது, ஒரே மூச்சொலி இருமுறை வருவதைப் பிடித்துவிடும். வேறொரு டேக்கிலிருந்து அதே சரணத்தை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த இடத்தில் ஓர் இடையிசை போதும். அமெரிக்கப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் 1970 அக்டோபரில் இறந்தபோது ஒரு பாட்டுக்குக் குரல் பதிவாகியிருக்கவில்லை. மறு ஆண்டு வந்த ஆல்பத்தில் அது வாத்திய இசையாக மட்டும் இடம்பெற்றது. யாரும் குறை சொல்லவில்லை.

எந்தக் காலத்து ஒலி என்ற கேள்விக்கும் இந்த வழியில்தான் விடை சொல்ல வேண்டிவரும். அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலி 1959 பிப்ரவரி 3இல் விமான விபத்தில் இறக்கும் முன் நியூயார்க் வீட்டில் கிட்டாரோடு பதிந்த பாட்டுகளுக்கு, 1959, 60இல் ஜாக் ஹான்சன் அங்கேயே இசை சேர்த்தார். அவற்றுக்கே 1962 முதல் நார்மன் பெட்டி நியூமெக்சிகோவில் ஃபயர்பால்ஸ் குழுவை வைத்து வேறு இசை சேர்த்தார். ஒரே குரலுக்கு இரண்டு சட்டை, இரண்டிலும் அந்தந்தக் காலத்துத் தையல். சேர்க்கைக்கு முந்தைய டேப் அழியாமல் இருந்ததால்தான் பின்னாளில் வெறும் குரலும் கிட்டாரும் வெளிவர முடிந்தது. மைக்கேல் ஜாக்சனின் 2014 தொகுப்பில் எட்டுப் பாட்டுகளைப் புதுப்பித்தவர்கள், விலை கூடிய பதிப்பில் எட்டின் பழைய வடிவங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். இசை சேர்ப்பவர்கள் எல்லாரும் இதைச் செய்யலாம், கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை.

## வழி 3: கலந்துபோன பதிவிலிருந்து குரலைப் பிரிப்பது

1994இல் மனைவி யோகோ ஓனோ கொடுத்த, மறைந்த ஜான் லெனனின் வீட்டுக் கேசட்டுகளில் இரண்டு பாட்டுகளை பீட்டில்ஸின் மற்ற மூவரும் 1995, 96இல் முடித்தார்கள். மூன்றாவதைத் தொட்டுவிட்டுக் கைவிட்டார்கள். மின் முனகலும், குரலை விழுங்கிய பியானோவும் தடையாக நின்றன. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய பிரிப்பு மென்பொருளால் குரல் தனியே கிடைத்தபின், 2023 நவம்பர் 2இல்தான் அது வெளிவந்தது. குரல் அவருடையதேதான். மென்பொருள் செய்தது பிரித்தது மட்டும்.

டெமக்ஸ் போன்ற இலவச மென்பொருளை வைத்து இன்று வீட்டிலேயே முயலலாம். ஆனால் பிரித்த குரலைத் தனியே கேட்டு மயங்க வேண்டாம். நீட்டி முடியும் சுரங்களின் வாலில் பியானோவின் சாயல் ஒட்டியிருக்கும். ச, ஸ ஒலிகள் தண்ணீருக்குள் பேசுவது போல் கரையும். புதிய இசைக்குள் வைத்தால் இவற்றில் பாதி மறைந்துவிடும். மெலிந்த இசையில், ஒற்றைக் கிட்டாரின் மேல் வைத்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆகவே பிரித்த குரலுக்கு அடர்ந்த இசை ஏற்றது. பாட்டு மெலிந்த இசையைக் கேட்டால், பிரிக்காத கேசட்டையே வெளியிடுவது மேல். எம்பி3யிலிருந்து பிரிக்காதீர்கள், கேசட்டை நல்ல டெக்கில், ஹெட்டின் கோணத்தை அந்தக் கேசட்டுக்கென்றே திருத்தி, புதிதாக எடுத்தபின் தொடங்குங்கள்.

## வழி 4: வேறொரு குரல், அல்லது மறுபடி பாடுவது

பாடகர் உயிரோடிருந்தால் இதுதான் நேர்வழி. பிரையன் வில்சன் 37 ஆண்டு கழித்துச் செய்ததும் இதைத்தான். குரல் மாறியிருக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பழைய டேக்கையும் புதிய டேக்கையும் ஒரே வரிக்குள் ஒட்டினால் தையல் தெரியும். பகுதி பகுதியாகப் பிரித்தால் தெரியாது. பீச் பாய்ஸ் 1971இல் ஒரு பாட்டின் முதல் பாதியை 1966இன் இசைமேல் பிரையனின் தம்பி கார்ல் வில்சனைப் பாடவைத்து, பிற்பாதிக்கு 1966இல் பிரையன் பியானோவோடு பாடியதையே வைத்தார்கள். மெர்குரி பாடாமல் விட்ட கடைசிச் சரணத்தை குயினின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் குரலிலேயே பாடினார், மெர்குரியைப் போல் பாட முயலவில்லை. வேறு குரல் வேறு குரலாகவே கேட்க வேண்டும்.

அதற்கு நேரெதிரான அனுபவம் 2010இல் வந்த மைக்கேல் ஜாக்சன் ஆல்பத்தின் மூன்று பாட்டுகள். அது அவர் குரல்தானா என்ற சர்ச்சை பல ஆண்டு வழக்காக நடந்தது. 2022இல் அந்த மூன்றும் இணையத் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. டேக்குகளின் மூலக் கோப்பும் டிராக் ஷீட்டும் இல்லாத குரலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவால் குரலை உருவாக்குவதும் இந்த வழியில்தான் அடங்கும். 2024இல் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும் ஒரு படப் பாட்டுக்கு இப்படிப் பயன்படுத்தியபோது, குடும்பங்களின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். ஆனால் அது புதிய பாட்டு. முடியாத ஆல்பத்தின் உண்மையான டேக்குகளுக்கு நடுவே உருவாக்கிய வரிகளைச் செருகுவது வேறு சமாச்சாரம். ஒரு வரி அப்படி என்று தெரிந்ததும் கேட்பவர் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார். இருக்கும் குரலின் மதிப்பு அதில் அடிபடும். இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

## வழி 5: வெளியிடாமல் வைப்பது

மறைந்த பிரிட்டன் பாடகி ஏமி வைன்ஹவுஸின் முடியாத மூன்றாம் ஆல்பத்தின் வரைவுகளை அழித்துவிட்டதாக யுனிவர்சல் நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் 2015இல் சொன்னார், இன்னொருவர் அவற்றை வைத்து ஆல்பம் கட்டக் கூடாது என்பதற்காக. நோக்கம் புரிகிறது, செயலை ஏற்க முடியவில்லை. பூட்டி வைப்பதைப் பின்னால் மாற்றலாம். அழித்தால் முடிந்தது.

பூட்டுவதென்றாலும் இரண்டு இடத்தில் மூன்று பிரதி வேண்டும். 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் மூல டேப்புகள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை அத்தோடு போயின.

## ஒரு பார்வையில்

| வழி | குறைந்தது என்ன வேண்டும் | கண்ணில் படாத செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|
| உள்ளபடி | கேட்கத்தக்க பதிவு | எல்லா டேக்கையும் கேட்கும் நேரம் | வரைவே தனியாக நிற்கும்போது |
| புதிய இசை | தனி டிராக்கில் இறுதி டேக் | தாள வரைபடம், கசிவு நீக்கம், வாத்தியக்காரர் ஒப்பந்தங்கள் | முடிக்கச் சொல்லியிருந்தால், கூட உழைத்தவர் கிடைத்தால் |
| பிரித்தெடுப்பு | நகல் அல்லாத அசல் கேசட் | பிரிப்பின் கறைகளை மறைக்கும் அடர்ந்த இசை | மெட்டும் குரலும் முழுதாக இருந்து, பின்னிசை மட்டும் தடையானால் |
| வேறு குரல் | மெட்டு, வரிகள் | எழுதியவர் அனுமதி, பெயர் போடும் தகராறு | பாடகர் இருந்தால், அல்லது ஒரு பகுதி மட்டும் குறைந்தால் |
| பூட்டு | பிரதிகள் | சில ஆண்டுக்கொருமுறை புதிய வட்டுக்கு மாற்றுவது | குடும்பத்தில் ஒருமித்த கருத்து இல்லாதபோது |

முழு ஆல்பத்துக்கும் ஒரே வழி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பத்துப் பாட்டில் நான்கில் இறுதி டேக், மூன்றில் வழிகாட்டி, மூன்றில் தத்தகாரம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு இசை சேர்க்கலாம், மூன்றை உள்ளபடி கொடுக்கலாம், தத்தகாரத்தைப் பெட்டியிலேயே விடலாம். பத்துப் பாட்டு வேண்டுமே என்பதற்காகத் தத்தகாரத்தின் மேல் யாரோ எழுதிய வரிகளை ஏற்றுவதைவிட, ஏழு பாட்டோடு வெளியிடலாம்.

உறையில் ஒவ்வொரு பாட்டின் கீழும் மூன்று விவரம் அச்சிடுங்கள்: குரல் பதிந்த ஆண்டு, இசை சேர்த்த ஆண்டு, குரலில் என்ன செய்யப்பட்டது. தொடாத குரல் கோப்பில் பாட்டின் பெயர், டேக் எண், ரீல் எண் மூன்றையும் கோப்புப் பெயராகவே எழுதி, மிக்ஸ் கோப்புகள் இருக்கும் வட்டில் சேர்க்காமல் வேறு வட்டில் வையுங்கள்.